பனெட்டோனே சரி, பெஃபானா கிழவி எங்கே?

இத்தாலியக் கிறிஸ்துமஸ் என்றால் பனெட்டோனே என்ற பண்டம், டிசம்பர் 25ஆம் தேதி பரிசு என்று உங்கள் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். அங்கே கொண்டாட்டம் ஜனவரி 6 வரை இழுக்கும். அதற்கு முந்தைய இரவு துடைப்பத்தில் பறந்து வரும் பெஃபானா என்ற கிழவி, பிள்ளைகள் தொங்கவிட்ட காலுறையில் மிட்டாய் போடுவாள். குறும்பு செய்தவர்களுக்குக் கரி. இப்போது அந்தக் கரியும் கறுப்புச் சாயமேற்றிய சர்க்கரைக் கட்டிதான், கடையிலேயே விற்கிறது! வட இத்தாலியின் வெரோனா, பெர்கமோ நகரங்கள் பக்கம் இன்னும் முன்னாலேயே, டிசம்பர் 13க்கே, புனித லூசியா கழுதையோடு வந்து பரிசு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பனெட்டோனேயைப் 'பழக் கேக்' என்று எழுதியதும் பொருந்தவில்லை. மாவைப் பல மணி நேரம் புளிக்கவிட்டுச் சுடும் இனிப்பு ரொட்டி அது. வெண்ணெயும் மஞ்சள் கருவும் அதிகம் என்பதால், அடுப்பிலிருந்து எடுத்ததும் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைப்பார்கள். இல்லையென்றால் நடுவில் அமுங்கிவிடும். வெண்ணெய்க் கொழுப்பு 16 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று 2005இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். உலர்திராட்சை ஆகாத என்னைப் போன்றவர்களுக்கு பழமே சேர்க்காத வெரோனாவின் இனிப்பு ரொட்டியான பண்டோரோ இருக்கிறது. கூட வரும் சர்க்கரைப் பொடியை அதன் பைக்குள்ளேயே கொட்டிக் குலுக்க வேண்டும். சட்டையில் சிந்தாமல் குலுக்கியவரை நான் பார்த்ததில்லை.

மிலானில் ஒரு துண்டு பனெட்டோனேயை எடுத்துவைத்து, பிப்ரவரி 3, புனித பியாஜோ திருநாளன்று சாப்பிடுவார்கள். தொண்டைக்கு நல்லதாம். அதற்குள் காய்ந்து கட்டையாகியிருக்கும், காபியில் தோய்த்தால் இறங்கிவிடும்.