பஸ் திரும்ப இடம் உண்டா?

(பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசல். மாணவர் தலைவர்களை ஓர் இரவு தலைமைத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்ல இடம் தேடும் பொறுப்பு கோமதி டீச்சர் தலையில் விழுந்திருக்கிறது. பள்ளி பஸ் ஓட்டுநர் மாணிக்கம் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அது அவருக்கு எப்போதுமே ஒரு தடையாக இருந்ததில்லை.)

கோமதி: தெலுக் பஹாங் தேசியப் பூங்கா எப்படி, அண்ணே? கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் அடிக்கலாம். பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடும் இடம்.

மாணிக்கம்: பஸ் எதுவரை போகும்?

கோமதி: பூங்கா வாசல் வரை. அப்புறம் காட்டுப் பாதையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. இல்லையென்றால் படகு.

மாணிக்கம்: அரிசி மூட்டையை யார் தூக்குவது? ஆமையா?

கோமதி: அங்கே ஓர் ஏரி இருக்கிறது. மேலே நன்னீர், கீழே உப்புநீர், இரண்டும் கலப்பதே இல்லை.

மாணிக்கம்: என் பஸ்ஸில் ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் தினமும் அப்படித்தான் உட்கார்ந்து வருகிறார்கள். அதைப் பார்க்கப் படகு வேறா?

கோமதி: சரி, கொடிமலை. 1923-ஆம் ஆண்டிலிருந்து ரயில் ஏறுகிறது. மேலே குளுகுளுவென்று இருக்கும்.

மாணிக்கம்: ஏறட்டும். நாற்பது பிள்ளைகளின் பெட்டிகளும் ஏற வேண்டுமே! ஓர் இரவுக்கு அம்மாமார் என்னென்ன கட்டிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? போன முறை ஒரு பையனின் பெட்டியைத் தூக்கினேன், கை விட்டுப் போனது. திறந்து பார்த்தால் மைலோ டின், தலையணை, அதன் மேல் ஒரு மேசை விசிறி.

கோமதி: பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல்?

மாணிக்கம்: பஸ் நிறுத்த இடம் உண்டு. ஆனால் பிள்ளைகள் விடிய விடிய லிஃப்டிலேயே குடியிருப்பார்கள். உங்களுக்கும் அதே கதிதான்.

கோமதி: அதனால்தான் பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்ட முகாமைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெரிய மண்டபம், இரண்டடுக்குக் கட்டில்கள், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டடம். சைவச் சாப்பாடும் சமைத்துத் தருகிறார்கள்.

மாணிக்கம்: எந்த மாதம்?

கோமதி: ஜூன்.

மாணிக்கம்: பழம் விழும் மாதம்! நள்ளிரவில் தொப்பென்று சத்தம் கேட்டால் உங்கள் மாணவர் தலைவர்கள் படுத்திருப்பார்களா, டார்ச் லைட்டோடு ஓடுவார்களா? டுரியான் தலையில் விழுந்தால் தலைமைத்துவத்துக்குத் தலையே இருக்காது.

கோமதி: அக்டோபருக்குத் தள்ளினால் மழை கொட்டுமே, அண்ணே. இருக்கட்டும், இரவில் கதவைப் பூட்டச் சொல்லலாம். எனக்கு வேறு கவலை. பெண்கள் பக்கம் குளியலறை நான்கே நான்குதான்.

மாணிக்கம்: பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

கோமதி: இருபத்தெட்டு. (ஒப்புதல் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதுகிறார்.) ஒரு சுற்றுக்கு நான்கு பேர் என்றால் ஏழு சுற்று. சுற்றுக்குக் கால் மணி. ஆறரைக்கு உடற்பயிற்சி தொடங்க வேண்டும் என்றால் முதல் சுற்று நாலே முக்காலுக்குக் குளிக்க வேண்டும்.

மாணிக்கம்: ஜடை பின்னுவதைச் சேர்த்தீர்களா?

கோமதி: வாயைக் கழுவுங்கள்!

மாணிக்கம்: பேசாமல் பள்ளி மண்டபத்திலேயே படுக்க வைத்துவிடுங்கள். கழிவறை இருக்கிறது, சிற்றுண்டிச்சாலை இருக்கிறது, பஸ்ஸும் நகர வேண்டாம்.

கோமதி: கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன், "வகுப்பில்தான் தினமும் தூங்குகிறோமே டீச்சர்" என்றான். மற்றவர்களுக்கோ நூலகத்துக்குப் பின்னால் ஜப்பான் காலத்துச் சிப்பாயின் ஆவி உலவுகிறதாம்.

மாணிக்கம்: எந்தப் பள்ளியில்தான் உலவவில்லை? பாவம், அந்தச் சிப்பாய்க்கும் ஓய்வில்லை. சரி, பாலிக் பூலாவே இருக்கட்டும். அங்கே பஸ்ஸைத் திருப்ப முடியுமா?

கோமதி: படம் எடுத்து வந்திருக்கிறேன், பாருங்கள்.

மாணிக்கம்: (கைப்பேசியை நெருக்கிப் பிடித்து) இது கார் திரும்பும் இடம். அந்த ரம்புத்தான் மரத்தை வெட்டினால் என் பஸ் திரும்பும்.

கோமதி: மரத்தையெல்லாம் வெட்ட முடியாது!

மாணிக்கம்: அப்படியானால் பின்பக்கமாகவே ஓட்டி வெளியே வருகிறேன். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு தன்முனைப்புப் பயிற்சி.

(டீச்சரின் கைப்பேசி கூவுகிறது. பேசி முடிக்கும்போது அவர் முகம் சுண்டியிருக்கிறது.)

கோமதி: பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து. பாதுகாப்புக்காக எட்டு அம்மாக்களும் கூட வருகிறார்களாம்.

மாணிக்கம்: பஸ்ஸில் இடம் இருக்கிறது.

கோமதி: குளியலறையில் இருக்கிறதா? எட்டுப் பேர், இன்னும் இரண்டு சுற்று. அம்மாக்களுக்குச் சுற்றுக்கு அரை மணி வையுங்கள். அப்படியானால் முதல் சுற்று மூன்றே முக்காலுக்கு!

மாணிக்கம்: இரவு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிகிறது?

கோமதி: பன்னிரண்டு. படுக்க ஒரு மணியாகும். அதற்கப்புறம் டுரியான் வேறு விழும்.

மாணிக்கம்: பிறகு கட்டில் எதற்கு, டீச்சர்? உடனே கூப்பிட்டு, கட்டில் காசைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.