டெஸ்ட் டேட்டாவில் ஒரு தமிழ்ப் பெயரைப் போடுங்கள்

பெங்களூரில் வெப் டெவலப்பராக வேலை பார்க்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மான்யதா வரை எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும் நம் ஆட்கள் இருப்பார்கள். காபி மெஷின் பக்கத்தில் தமிழ்தான் ஓடும். அதே ஆட்கள் சீட்டுக்குத் திரும்பி, தாங்கள் செய்த படிவத்தைச் சோதிக்க உட்கார்ந்தால் பெயர்க் கட்டத்தில் டெஸ்ட் டேட்டாவாக, அதாவது சோதனைத் தரவாக, அடிப்பது "ஜான் டோ", அதுவும் ஆங்கிலத்தில். இல்லாவிட்டால் "டெஸ்ட் டெஸ்ட்". எல்லாச் சோதனையும் பச்சை காட்டும், கோட் மெர்ஜ் ஆகி மற்ற கோட்டோடு சேரும், பயனர்களுக்கு லைவ் போய்விடும். தருமபுரியிலோ தேனியிலோ ஒருவர் தன் பெயரைத் தமிழில் அடிக்கும்போதுதான் அது உடைகிறது. அவர் நமக்கு டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டுச் சொல்லப் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் இங்கிலீஷ்ல போட்டுக் குடு தம்பி" என்பார். அதோடு முடிந்தது.

தமிழ் வெப்பில் சரியாக வரவேண்டும் என்றால் இன்று தொழில்நுட்பம் பெரிய தடையே இல்லை. பிரவுசர் தயார், டேட்டாபேஸ் தயார், எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சோதித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த நாமே சோதிக்காவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

பிரவுசரில் கன்சோலை, அதாவது கட்டளை அடித்துப் பார்க்கும் சாளரத்தை, திறந்து 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். படிக்கிறவருக்கு அது மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் த, ம, அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி, ழ, அதன் மேல் புள்ளி என்று ஐந்து குறிகள். அந்த எண்களைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 15. அதையே முகவரிப் பட்டையில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று இடம் பிடிக்க, 45 ஆகிறது. ஒரே சொல்லுக்கு 3, 5, 15, 45 என்று நான்கு நீளம். எந்த இடத்தில் எது எண்ணப்படுகிறது என்று யோசிக்காமல் எழுதிய கோட் எங்காவது ஓரிடத்தில் தமிழை வெட்டியே தீரும்.

உதாரணத்துக்கு ஒரு பெயர்க் கட்டத்துக்கு 15 என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வலைப்பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல்லில் வைக்கும் வரம்பும் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது போலத்தான் எண்ணும். மீனாட்சிசுந்தரம் என்பது கண்ணுக்கு ஒன்பது எழுத்து, எண்ணிக்கையில் 16. கடைசிப் புள்ளி உள்ளே ஏறாது. 'மீனாட்சிசுந்தரம' என்று பதிவாகும். அப்புறம் அதுதான் அவருடைய ரசீதிலும் அடையாள அட்டையிலும் அச்சாகும். கட்டுரைத் தலைப்புகளை நறுக்கி மூன்று புள்ளி வைக்கும் கோட்டிலும் இதே கதைதான். 'வாழ்க்கை'யை மூன்றாவது குறியில் வெட்டினால் 'வாழ' என்று நிற்கும். வேறு சொல்லே ஆகிவிட்டது. பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் இடங்களைப் பாருங்கள். கீதாவுக்கும் க, கோமதிக்கும் க, கௌசல்யாவுக்கும் க.

இதற்கெல்லாம் தீர்வு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று. சொல்லைக் கொடுத்தால் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறபடி த, மி, ழ் என்று பிரித்துத் தரும். குரோமில் 2020-இலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் ஏப்ரல் 2024-இல் வந்தது. எந்த லைப்ரரியும் (பிறர் எழுதிவைத்த கோட் தொகுப்பு) இறக்க வேண்டாம். இதைப் பற்றி நான் பேசிய சீனியர் டெவலப்பர்களிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ஒவ்வொரு புது வெளியீட்டையும் விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் இதற்குத் தேவையே வராது.

பெயர்க் கட்டத்தின் சரிபார்ப்பு இன்னொரு இடம். 'எழுத்துகள் மட்டும்' என்று விதி எழுதும்போது ஆங்கில அகரவரிசையை மட்டும் அனுமதிப்பது பழைய பழக்கம். விவரமானவர்கள் எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் வகையைப் போடுவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2018-லிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதையும் ஒரு தமிழ்ப் பெயர் கொடுத்து ஓட்டிப் பார்ப்பதில்லை. யூனிகோட் கணக்கில் கால், கொம்பு, கொக்கி, புள்ளி எதுவும் 'எழுத்து' வகையில் வராது, 'குறி' என்ற தனி வகையில் வரும். இரண்டையும் சேர்த்து அனுமதித்தால்தான் கமலா உள்ளே போக முடியும். இல்லாவிட்டால் 'சரியான பெயரை உள்ளிடவும்' என்று சிவப்பில் வரும். தன் பெயரே சரியில்லை என்று ஒரு மனுஷியிடம் சொல்வது எவ்வளவு மோசம். கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்டு இனிஷியல்காரர்களை வதைப்பதும் இதே ரகம்தான். மனிதப் பெயர்கள் உலகெங்கும் எப்படியெல்லாம் அமையும் என்று வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு நல்ல கட்டுரையே போட்டிருக்கிறது. ஒரே கட்டத்தில் முழுப் பெயரைக் கேட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

தேடல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தமிழ் தெரிந்தவரின் கண் கட்டாயம் வேண்டும். 'கௌதம்' என்று ஒருவர் ஔகாரக் குறி போட்டு அடிக்கிறார். இன்னொருவர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ள எழுத்தைத் தட்டி 'கெளதம்' என்கிறார். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைஸ் செய்தாலும் இது சரியாகாது, ஏனென்றால் விதிப்படி ள ஒரு தனி எழுத்து. 'ஸ்ரீ' எழுதவும் இரண்டு வழி உண்டு. ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. எந்த விசைப்பலகையில் அடித்தார் என்பதைப் பொறுத்து ஸ்ரீனிவாசன் கிடைப்பார் அல்லது கிடைக்கமாட்டார். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் 'ரி' வரவேண்டிய இடத்தில் காலும் கொக்கியும் சேர்ந்து 'ாி' என்று உட்கார்ந்திருக்கும். அப்படி மாறிப்போன மாரியம்மாள்களை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இவற்றை ஒன்றாக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும், ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். ஆனால் அதை எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு 'கெள' என்பதைப் பார்த்ததும் உறுத்துகிற ஒருவர் அந்த டீமில் இருக்க வேண்டும்.

வரிசைப்படுத்தலும் அப்படித்தான். சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் யூனிகோட் எண்களின்படி அடுக்கும். அதில் ந-வுக்கு அடுத்து ன வரும், ர-வுக்கு அடுத்து ற வரும், ள முந்திக்கொண்டு ழ பின்னால் போகும். மெய்யெழுத்துகள் உயிர்மெய்க்கு முன்னால் வராமல் கடைசியில் போய் நிற்கும். அகராதி பார்த்துப் பழகியவருக்கு அந்தப் பட்டியலில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. ஒப்பிடும்போது மொழி தமிழ் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிரவுசரே சரியாக அடுக்கிக் கொடுத்துவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ரசீது பிடிஎஃப் உருவாக்கும் வேலை ஒன்று வந்தது. பிடிஎஃப்பை நேரடியாக எழுதும் லைப்ரரி ஒன்றை முதலில் எடுத்தார்கள். ஆங்கிலம் அழகாக வந்தது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. காரணம் எளிது. 'கெ'யைச் சேமிக்கும்போது க முதலில், கொம்பு பின்னால். வரையும்போதுதான் இடம் மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் மாதிரியான எழுத்து அமைக்கும் எஞ்சின். அது இல்லாத லைப்ரரியில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் பயனில்லை. குரோமுக்குள் அந்த எஞ்சின் இருப்பதால் குரோமை நிரலால் இயக்கும் பப்பெட்டியரை வைத்துத் திரையில்லாத குரோமில் பக்கத்தைத் திறந்து பிடிஎஃப் எடுக்கலாம் என்று முடிவானது. லேப்டாப்பில் பிரமாதமாக வந்தது. சர்வரில் ஏற்றினால் எல்லா எழுத்தும் வெறும் கட்டம் கட்டமாக வந்து நின்றது. லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு கூடவே வந்துவிடும், டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஓடும் மெலிந்த லினக்ஸில் ஒன்றுமே இருக்காது. நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவை நிறுவ டாக்கர் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் சரியானது. ஒற்றை வரிதான். ஆனால் அதற்கு முன்பு வாடிக்கையாளர் ஒருவருக்குக் கட்டங்கள் நிறைந்த ரசீது போய்விட்டது. ஆரம்பத்திலேயே சோதனைத் தரவில் ஒரே ஒரு தமிழ் முகவரி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

டேட்டாபேஸ் பக்கம் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அங்கே போனால் போனதுதான். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் 8.0 வருவதற்கு முன்பு வரை இயல்பான எழுத்துத் தொகுதி, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1. பழைய அட்டவணைகள் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் தமிழ் போய் விழுந்தால் பல நேரம் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். எக்செல்லில் சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) திறந்ததும் வரும் கிறுக்கலை மீட்டுவிடலாம், அது குறியாக்கத்தைத் தப்பாகப் படித்ததால் வருவது. கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்டதை யாராலும் மீட்க முடியாது. அந்தப் பெயர் அழிந்துவிட்டது.

மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் விட முடியாது. ஊர்ப் பெயரை ஒரு மாறியில் வைத்து அதன் பின்னால் 'க்கு' என்று ஒட்டவைத்து 'மதுரை க்கு' என்று காட்டும் செயலிகளை எல்லோரும் பார்த்திருப்போம். மதுரைக்கு, சேலத்துக்கு, பெங்களூருக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மாறும். சேலம் இருக்கும் இடத்தில் 'சேலம்க்கு' வந்தால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், இதை எழுதியவர் யாரும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை என்று. வாக்கியத்தையே மாற்றி, 'செல்லும் ஊர்: சேலம்' என்று வைத்தால் வேலை முடிந்தது. இதற்கு டெவலப்பரும் மொழிபெயர்ப்பாளரும் பத்து நிமிடம் பேசினால் போதும்.

எல்லாமே இலவசம் என்று சொல்லமாட்டேன். குறுஞ்செய்தியில் உண்மையிலேயே செலவு கூடும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் ஒரு குறி வந்தாலே வரம்பு 70 ஆகக் குறைந்துவிடும். லட்சக்கணக்கில் அனுப்பும் நிறுவனம் தயங்குவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் திரையில் காட்டுவதற்கும் படிவத்தில் வாங்குவதற்கும் அந்தச் சாக்கு செல்லாது.

"தமிழில் அடிக்கிறவர்கள் எத்தனை பேர், அனலிட்டிக்ஸில் ஒன்றுமே இல்லையே" என்று பிராடக்ட் மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். தமிழை ஏற்காத படிவத்திலிருந்து வரும் தரவில் தமிழ் எப்படி இருக்கும்? வாசலைப் பூட்டிவிட்டு யாரும் வரவில்லை என்று கணக்கு எழுதுகிறோம். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தபோது எந்தக் குறியாக்கம், எந்த விசைப்பலகை என்பதையே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாத காலம். அந்தத் தலைமுறை செய்த வேலையால் நமக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை.

இது தமிழுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. இப்போதைய டீமில் என் பக்கத்து சீட்டில் இருப்பவர் மைசூர்க்காரர். கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாவது பாதி அடியில் தொங்கும். வரி உயரத்தை இறுக்கமாக வைத்து, மீறுவதை மறைக்கும்படி பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் எழுதினால் அந்தப் பாதி வெட்டுப்பட்டுப் போகும். நம் 'மூ', 'கூ' போன்றவற்றின் அடிப்பகுதிக்கும் அதே கதி. நான் தமிழ்ப் பெயர்களை ஒரு கோப்பில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து அவர் கன்னடப் பெயர்களைச் சேர்த்தார், குண்டூரிலிருந்து வந்த இன்னொருவர் தெலுங்கைச் சேர்த்தார். இப்போது ஒவ்வொரு முறை பில்ட் ஓடும்போதும் பிளேரைட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி அந்தப் பெயர்களைப் படிவத்தில் அடித்து, சேமித்து, தேடி, பிடிஎஃப் எடுத்துப் பார்க்கிறது. மீனாட்சிசுந்தரம், இரண்டு வகைக் கௌதம், இரண்டு வகை ஸ்ரீனிவாசன், இனிஷியல் மட்டும் வைத்த ஒரு செல்வி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். உங்கள் வேலையில் தமிழ் உடைந்து நீங்கள் பார்த்த பெயர், ஊர், சொல் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள், அந்தக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். கோப்பு வேண்டும் என்பவர்களுக்கு அனுப்பியும் வைக்கிறேன்.