கோடு பிரஷ்ஷில் இல்லை

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்பாக்ஸில் ஸ்க்ரீன்ஷாட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. எந்தப் பதிவு, யார் போட்டது என்பது என் நட்பு வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். மறைந்த பத்திரிகை ஓவியர் ஒருவரின் கோட்டை அப்படியே தரும் டிஜிட்டல் பிரஷ் தொகுப்பாம், அதாவது வரையும் சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளும் ஃபைல்கள். வாங்கி டேப்லெட்டில் ஏற்றிவிட்டால் நாமும் அவரைப் போல வரையலாமாம். அதன் கீழே 'கோடு பிரஷ்ஷில் இல்லை தம்பி' என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை. அதற்குத்தான் பொறாமைக்காரன், வயிற்றெரிச்சல் பிடித்தவன், காலாவதியான ஆள் என்று இவ்வளவு பேச்சு.

சரி, நிதானமாகவே சொல்கிறேன்.

அந்தத் தொகுப்புக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரஷ் நுனியின் வடிவம் ஒன்று, அதை நெருக்கமாக அடுக்கிக்கொண்டே போனால் கோடாகத் தெரியும். தாளின் சொரசொரப்பைக் காட்டும் ஒரு படம். பேனாவை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. இவ்வளவுதான். கோடு எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதை வரையாமல் விட வேண்டும் என்பது அதில் இல்லை. ஒரு ஓவியரின் கோடு என்று நாம் சொல்வதே அதைத்தான்.

அந்த ஓவியரின் தலைமுறையில் கோடு ஏன் அவ்வளவு சுத்தமாக, துணிச்சலாக இருந்தது என்று யோசித்திருக்கிறோமா? அன்றைக்குப் பத்திரிகைகளில் படம் அச்சிட லைன் பிளாக் என்ற அச்சுத் தகடுதான். படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து அச்சுக்கு அனுப்புவார்கள். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் கோடுகளை அடுக்க வேண்டும், அல்லது புள்ளி வைக்க வேண்டும். பெரிதாக வரைந்து, அச்சில் சுருக்குவார்கள். மெல்லிய கோடு சுருங்கும்போது அறுந்துவிடும். நெருக்கிப் போட்ட கோடுகள் மை ஏறி அப்பிக்கொள்ளும். இதையெல்லாம் மனத்தில் வைத்து, அழிக்க வழியில்லாத இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் நிப்பைத் தொட்டு வரைந்தவர்கள் அவர்கள். நிப்பைக் கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் அதன் இரண்டு முனைகளும் விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கித் தள்ளினால் தாளைக் குத்தும், மை தெறிக்கும். அதனால் எந்த வளைவை எந்தப் பக்கமிருந்து இழுப்பது என்று கோடு விழுவதற்கு முன்பே முடிவு செய்திருப்பார்கள். அந்த முடிவுக்குத்தான் நாம் ஸ்டைல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வார இதழில் படம் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பார்த்தேன். திண்ணையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருக்கும் பெரியவரை வரைவார். முதுகுக்கு ஒரு கோடு, அது இடுப்புக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடும். முழங்காலில் வேட்டி இழுபட்டு நிற்கும் இடத்தில் மட்டும் மூன்று சின்ன மடிப்பு. தொடைக்குக் கீழே நிப்பைக் கொஞ்சம் அழுத்தி ஒரு தடித்த கோடு. உடனே அந்த ஆளின் உடல் கனம் திண்ணையில் இறங்கிவிடும். முதுகையும் இடுப்பையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "பார்க்கிறவன் சேர்த்துக்குவான்யா, அவனுக்கும் கொஞ்சம் வேலை கொடு" என்றார். இதை எந்த ஃபைலில் போட்டு விற்பது?

ஆர்.கே. லக்ஷ்மண் சின்ன வயதிலிருந்தே காகம் வரைந்தவர். உலகமே தெரிந்த கார்ட்டூனிஸ்ட் ஆன பிறகும் காகத்தை விடவில்லை. பத்திரிகை ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். இன்னொரு பத்திரிகை ஓவியரான கோபுலுவுக்குப் பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். ஆயுள் முழுக்கப் பழகிய கையே போய்விட்டது. அப்புறமும் வரைய முடிந்ததென்றால் கோடு இருந்த இடம் எது? நிச்சயமாக நிப்பிலோ பிரஷ்ஷிலோ இல்லை.

ஓவியம் மட்டும் இல்லை, சங்கீதத்திலும் இதே கதைதான். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தன் சங்கீதத்துக்கு ஏற்றபடி நாயனத்தையே மாற்றினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி செய்துகொடுத்த பாரி நாயனம் அது. இன்றைக்கு அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர்கள் எல்லாரும் அவரைப் போலத் தோடி ராகம் வாசித்துவிட்டார்களா?

'நீங்களே டேப்லெட்டில்தானே வரைகிறீர்கள்' என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், டேப்லெட்டில்தான் வரைகிறேன், அதை என்றைக்கும் மறைத்ததில்லை. காலையில் செய்தி வருகிறது, மதியத்துக்குள் படம் போக வேண்டும், ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் கருவிக்கு எதிரி இல்லை. மை பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவும் இல்லை. டேப்லெட்டில் வரைபவர்களை மட்டம் தட்டும் மூத்தவர்களோடு இதே பக்கத்தில் நான்தான் சண்டை போட்டேன். அப்போது எனக்குக் கைதட்டிய சிலரே இப்போது என்னைப் பழமைவாதி என்கிறார்கள். அது வலிக்கிறது.

'தொகுப்பை விற்பவன் சின்னப் பையன், நாலு காசு பார்க்கட்டுமே' என்கிறார்கள். பார்க்கட்டும். நல்ல மை பிரஷ், நல்ல நிப் பிரஷ் என்று விற்கட்டும், நானே வாங்குகிறேன். இன்னொருவர் ஆயுளை அதன் மேல் ஒட்டி விற்பதுதான் கூடாது என்கிறேன்.

'மூத்தவர்களைப் பார்த்துப் போட்டுத்தானே எல்லாரும் கற்றுக்கொண்டீர்கள்' என்பது நியாயமான கேள்வி. உண்மைதான். நானும் பழைய தீபாவளி மலர்களை விரித்து வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தவன்தான். ஆனால் பார்த்து வரையும்போது, இந்த ஆள் ஏன் இங்கே நிறுத்தினார் என்ற கேள்வி ஒவ்வொரு கோட்டிலும் வரும். அந்தக் கேள்விதான் பாடம். தொகுப்பு அந்தக் கேள்வியே வராமல் செய்துவிடுகிறது. ஆரம்பத்தில் ஒரு தைரியம் கிடைக்குமே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவல் கோட்டில் வரும் தைரியம் இரவலோடு போய்விடும்.

இது ஒரு பையனின் பதிவைப் பற்றி மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் ஊரே தன் கல்யாண போட்டோவை ஏஐ-யில் கொடுத்து, ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ அனிமேஷன் பாணியில் படமாக மாற்றிப் போட்டது. அந்த ஸ்டுடியோவின் இயக்குநர் மியாசாகியும் அவரோடு இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் கையால் வரைந்து சேர்த்ததை ஒரு நொடியில் எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டோம். வேண்டாமே என்று சொன்னவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த பட்டமும் பொறாமைதான். அதற்கு அப்புறம் ஒரு பத்திரிகையிலிருந்து எனக்கு போன் வந்தது. மறைந்த அந்த ஓவியரின் பெயரையே சொல்லி, அவர் ஸ்டைலில் படங்கள் வேண்டும், நீங்கள் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஏஐ-யில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். என் ஸ்டைல் என்று ஒன்று இருப்பது அவர்கள் நினைவுக்கே வரவில்லை. நான் மறுத்துவிட்டேன்.

அஞ்சலி, மரியாதை என்று அந்தப் பதிவின் கீழே எழுதியவர்களிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். அந்த ஓவியரின் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? விற்கும் காசில் அவர்களுக்கு ஏதாவது உண்டா? என் குருநாதர் வரைந்த மூலப் படங்கள் பிளாக் எடுக்கப் போனவை, பெரும்பாலும் வீடு திரும்பவே இல்லை. அவர் மகளிடம் இருப்பது பழைய இதழ்களிலிருந்து கத்தரித்து ஒட்டிய ஒரு நோட்டுதான். அதிலும் பல படங்களின் கீழே அவர் பெயர் இல்லை, கதை எழுதியவரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு அவர் பெயரிலும் ஒரு தொகுப்பு வரும். வந்தால் அதன் கீழேயும் இதையேதான் எழுதுவேன், என்ன பட்டம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள்.