குடும்பப் பெயரை வைத்து ஆளை எடை போடாதீர்கள்

படம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் திரையில் ஓடுகிற பெயர்களைக் கடைசி வரை படிப்பது என் வழக்கம். ஸ்மித், ஷ்மிட், ஃபெராரி, கோவாச், ஹடாட், குஸ்னெத்சோவ் என்று வரும். மொழிதான் வேறு, எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே: கொல்லர். ஊரே ஏர் பிடிக்கும்போது ஒருவரை ‘உழவர்’ என்றால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது. கொல்லர் அப்படியல்ல, ஊருக்கு ஒருவரோ இருவரோதான். பெயர் ஒட்டிக்கொண்டது. இரும்பையே தொடாத பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இவை ஊர் வாயில் தானாக விளைந்தவை. அரசாங்கம் கையில் கொடுத்த பெயர்களும் ஏராளம். பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா, வரிக்கும் மக்கள் கணக்குக்கும் தோதாக அகரவரிசையில் ஒரு பெயர்ப் பட்டியலைப் போட்டு ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கச் செய்தார். அதனால்தான் சில ஊர்களில் இன்றும் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஜப்பானில் சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் கட்டாயமானது 1875இல், துருக்கியில் 1934இல்தான்.

அப்புறம் எப்படி, “குடும்பப் பெயரைச் சொல்லு, நீ யாரென்று சொல்கிறேன்” என்று பேசுகிறார்கள்? எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. எஸ்போசிட்டோ என்ற பெயரின் கதை தெரிந்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டாலே மனசு கொதிக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸில் அனுன்சியாட்டா குழந்தைகள் இல்லத்தின் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் வெளியே நின்று, குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அப்படி வந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர்தான் எஸ்போசிட்டோ. வெளியே விடப்பட்டவன் என்று பொருள். இன்று அந்த நகரத்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெயரில் எந்த வம்சத்தைத் தேடுவீர்கள்?

ஃப்ளோரன்ஸில் இன்னொசென்டி என்ற இல்லம். அங்கே வளர்ந்தவர்களுக்கு ‘தெல்யி இன்னொசென்டி’ என்றே பெயர், ‘மாசற்றவர்களைச் சேர்ந்தவர்’ என்று பொருள். குழந்தையோடு சில தாய்மார்கள் பாதியாக வெட்டிய பதக்கத்தையும் வைத்து அனுப்பினார்கள். மறுபாதி தாயிடம் இருக்கும், என்றாவது திரும்பி வந்தால் பொருத்திப் பார்க்க. அந்த இல்லம் இப்போது அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. பிள்ளைகளிடம் இருந்த அந்தப் பாதிகளை அங்கே சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள்.