கார்டு எடுக்காதது யார் தப்பு?

டீ மாஸ்டர் அண்ணனின் பைபாஸ் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு நான் போட்ட பதிவில் நேற்று நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "அரசாங்கமே அஞ்சு லட்சம் காப்பீடு கொடுக்குது, ஒரு கார்டு எடுத்து வைக்கத் துப்பில்லாதவனுக்கு நாம ஏன் அழணும்?" என்று ஒரு பெரிய மனிதர் திருவாய் மலர்ந்திருந்தார். அவர் சொன்னதைவிட அதற்கு விழுந்த லைக்குகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. அண்ணனின் மகளும் முகநூலில் இருக்கிறாள் சார். படித்துவிட்டாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. 2009இல் கலைஞர் பெயரில் வந்தது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது, 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. யார் கொண்டுவந்தது என்ற சண்டையை இங்கே தொடங்காதீர்கள், கும்பிடுகிறேன். பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தது இந்தக் கார்டில்தான். நல்ல திட்டம். அது ஏழையின் கைக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கார்டை எடுக்க என்னென்ன வேண்டும்? ரேஷன் கார்டு, வீட்டில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று, அப்புறம் ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்தில் போட்டோ, கைரேகை. "இவ்வளவுதானே?" என்பீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு இவ்வளவுதான். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி.

என் அத்தைக்கு எடுக்க நான் கூடப் போனேன். காலமெல்லாம் பீடி சுற்றிய கை, விரல் நுனியில் ரேகை தேய்ந்தே போய்விட்டது. "நல்லா அழுத்துங்கம்மா" என்கிறாள் மையத்துப் பெண். அத்தை சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைக்கிறாள், மெஷின் எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "கெழவிய வச்சிக்கிட்டு நேரத்தக் கடத்துறாங்க" என்று முணுமுணுத்தார். கடைசியில் சுண்டுவிரல் எடுத்தது. ஏதோ குற்றம் செய்து மாட்டிக்கொண்டவள்போல அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதற்குப் பெயர் சோம்பேறித்தனமா?

சரி, டீ மாஸ்டர் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போகாமல் இல்லை, போனார். கூலி எவ்வளவு என்று கேட்டார்கள், நாளைக்கு 450 ரூபாய் என்று உண்மையைச் சொன்னார். மாதம் 26 நாள் என்றால் 11,700. வருஷத்துக்கு 1,40,400. திட்டத்தின் வருமான வரம்பு 1,20,000. முடிந்தது கதை. அடுப்படியில் நின்று வெந்துகொண்டே மனிதர் பணக்காரர் ஆகிவிட்டார்! குறைத்துச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும்.

"வரம்பே இல்லாவிட்டால் காரில் வருகிறவனும் வாங்குவானே" என்று ஒரு தம்பி கேட்டார். வாங்கட்டுமே, அதனால் என்ன குடி முழுகிப் போகும்? முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் ஏழை இல்லை என்று எந்த ஊர் மளிகைக்கடையில் கணக்குப் போட்டார்கள்? அதுவும் தனி ஆள் வருமானம் இல்லை, குடும்ப வருமானம்.

"அரசு மருத்துவமனைக்குப் போகலாமே" என்றவர்களுக்கு: போகலாம்தான், நானே அங்கே பிழைத்து வந்தவன். ஆனால் பைபாஸுக்கு அங்கே வரிசை இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வரிசையில் உங்கள் அப்பாவை நிறுத்துவீர்களா? நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். கார்டு இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது. ஆபரேஷன் முடிந்து மாதாமாதம் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைக்குக் கார்டை நீட்ட முடியாது.

அறிவுரை சொன்னவர்களில் பாதிப் பேர் ஐடி கம்பெனிக்காரர்கள். உங்கள் காப்பீட்டு அட்டை எச்ஆர் அனுப்பிய ஈமெயிலில் தானாக வந்து விழுந்தது. உங்களிடம் யாராவது வருமானச் சான்று கேட்டார்களா? விரலைத் துடைக்கச் சொன்னார்களா? ஏழை மட்டும் தன் ஏழ்மைக்கு முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும், வாங்க முடியாவிட்டால் பொறுப்பில்லாதவன். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்குக் கார்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்பிவையுங்கள். முடிந்தால் கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். அப்புறம் பேசலாம்.