குளிரூட்டிய அறைக்கு மட்டும் பொருந்தும் யோசனை

கதவு, யன்னல் இடைவெளிகளை அடைத்தால் மின்கட்டணம் குறையும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன்; அது சொல்வது சரிதான். ஆயினும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அது குளிரூட்டி பூட்டிய அறைக்கே பொருந்தும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 90 சென்ரிமீற்றர் அகலமான கதவின் அடியில் 1 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால், அது சுவரில் 90 சதுர சென்ரிமீற்றர் ஓட்டை விட்டதற்குச் சமம். அதனூடாக நுழையும் காற்றின் வெப்பத்தை மட்டுமன்றி, எங்கள் கடற்காற்றில் நிறைந்திருக்கும் ஈரப்பதனையும் குளிரூட்டி நீராக்கி வெளியேற்ற வேண்டியிருப்பதால், அதற்கும் மின்சாரம் செலவாகிறது. பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே விடப்பட்ட காற்றுத் துவாரங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலர் கதவுக்கு றப்பர் பட்டி ஒட்டிவிட்டு இவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி யன்னற் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்தினால், புகை வளைந்தோடும் இடத்தில் கசிவு இருப்பது தெரியும். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். குளிரூட்டி இல்லாத அறைகளையும், எரிவாயு அடுப்போ விறகடுப்போ உள்ள குசினியையும் தயவுசெய்து அடைக்காதீர்கள்: வெக்கை தங்குவது ஒருபுறமிருக்க, அடுப்பு சரியாக எரியாதபோது உண்டாகும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு மணமற்றது, உயிருக்கே ஆபத்தானது.