விளிம்புப் பாறை குறித்து ஒரு திருத்தம்

ஆற்றை நோக்கி நிற்கும் செங்குத்துப் பாறை பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாதது, ஆகவே அதன் நுனி வரை சென்று நின்று பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான நம்பிக்கையைத் தருகிறது. ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையில்தான் நீரோட்டம் வேகமாக மோதும்; அங்கே அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமலேயே விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடும். விரிசலில் தேங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து பாறையை நெம்புகிறது. உறைபனி இல்லாத இடங்களில், நான் கவனித்தவரை பலரும் பொருட்படுத்தாத மரவேர்கள் அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அகலத்தில், சருகும் ஈரமண்ணும் அடைந்த பிளவு ஒன்று ஓடினால், தயவுசெய்து அதைத் தாண்டிக் காலடி வைக்காதீர்கள்.